குசினிக் கதவில் குளவி

உருத்திரபுரம் கொலனியில் சிற்றம்பலத்தார் வாயைத் திறந்தால் இலேசில் மூடமாட்டார் என்பது ஊரறிந்த விசயம். அந்தப் பங்குனி மாதம் அவர் தம் வீட்டுக் குசினிக் கதவையும் ஒருவரையும் மூட விடவில்லை.

காரணம் ஒரு குளவி. மஞ்சளும் கறுப்புமாய், நூல்போன்ற இடுப்போடு தனியாகத் திரிகிற குளவி. கூட்டம் சேர்ந்து மரத்தில் கூடு வைத்து, போகிற வருகிறவர்களைக் கலைத்துக் கலைத்துக் குத்துகிற சாதி இல்லை இது. தன்பாட்டில் வரும், தன்பாட்டில் போகும். சமைக்கிற குசினியின் பின்கதவு கோடிப்பக்கம், அதாவது வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவுப் பக்கம் திறக்கும். அந்தக் கதவு நிலையில், பிணைச்சலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு காலைப்பொழுதில் அது மண் அப்பத் தொடங்கியது. கதவைச் சாத்தினால் கூடு அப்பளமாய் நொறுங்கிவிடும்.

அதை முதலில் கண்டவள் சிற்றம்பலத்தாரின் மனைவி இரஞ்சிதம். கண்டதும் விளக்குமாற்றை ஓங்கினாள். "அதிலை கை வையாதை" என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. பல்லுத் தீட்டிய உமிக்கரி வாயோரத்தில் வழிய, சிற்றம்பலத்தார் ஓடிவந்து கதவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றார்.

குளவி வந்து மண்வீடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது என்று அர்த்தம். கூடு உருண்டை என்றால் பெண், நீளம் என்றால் ஆண். கலைத்தால் பாவம். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வன்னிக்கு வந்த சனம் அம்மி, குழவி, உரல், உலக்கையோடு இதையும் மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டுதான் வந்தது. சிற்றம்பலத்தாருக்குக் கணக்குப் போட அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரே மகள் விமலேஸ்வரிக்குப் போன ஆவணியில்தான் கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை யோகநாதன் சங்கக்கடை மனேச்சர், மாமனார் வீட்டோடுதான் இருக்கிறான். ஆவணிக்கும் பங்குனிக்கும் இடையில் தேவையான அளவு மாதங்கள் இருந்தன. அவர் தாத்தா ஆகப்போகிறார். வேறென்ன?

இரஞ்சிதம் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஏனென்றால் அந்தக் குளவி யாரைத் தேடி வந்திருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. மாதத் தீட்டு நின்றபோது, சரி, இந்தக் கரைச்சல் இத்தோடு முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு காலையில் எழுந்தால் குமட்டல். தாளிக்கிற வெங்காய மணம் மூக்கில் பட்டால் ஓட்டம். விமலேஸ்வரியை வயிற்றில் கொண்டிருந்தபோது எப்படி இருந்ததோ, ஒன்றும் குறையாமல் அதே சீர். விமலேஸ்வரிக்குப் பிறகு இன்னொன்று வேண்டுமென்று அவள் போகாத கோயில் இல்லை, பிடிக்காத விரதம் இல்லை. கேட்டபோதெல்லாம் தராத கடவுள், கேட்பதை விட்டு எத்தனையோ வருடம் கழித்து, மகளுக்குத் தாலி ஏறிய பிறகு தூக்கிக் கொடுத்திருக்கிறார். இப்படியும் ஒரு கடவுள்.

வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு தாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? போன வருடம் ஓமந்தைப் பக்கத்தில் ஒரு மனிசிக்கு இப்படி நடந்தபோது, அந்தக் கதையை வாயைப் பொத்திச் சிரித்துச் சிரித்து நாலு வீட்டுக்குக் கொண்டுபோனவளே இவள்தான். எல்லாவற்றுக்கும் மேல் மீசாலைச் சம்பந்தியம்மா. கலியாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புக் குறைவு என்று வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்ன அந்த வாய், இதற்கு என்னென்ன சொல்லும்? அந்த வாய்க்கு முன்னால் மகள் தலைகுனிந்து வாழவேண்டி வந்தால்?

ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அடக்குவதுதான் பெரும்பாடாய் இருந்தது. சந்தோசம். அரிசி களைகிறபோது, மாட்டுக்கு வைக்கோல் போடுகிறபோது, காரணமே இல்லாமல் வயிற்றிலிருந்து கிளம்பி வந்து தொண்டையில் முட்டும். குமட்டல் வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே தெரியாது. இரண்டில் எது வந்தாலும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். அப்படி ஓடி ஒளிக்க ஒரு நல்ல இடமும் இருந்தது. கோடிப்பக்கத்தில் குசினித் தண்ணீர் ஓடுகிற வாழைப்புட்டி.

அந்த இடத்துக்குத்தான் இப்போது மோசம் வந்தது. சூடு மிதித்து நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த விதைப்புக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கும்வரை கமக்காரனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத சிற்றம்பலத்தாரை ஒரு வீடு தாங்காது. அவர் குசினிக் கதவை விரியத் திறந்து, கயிறு போட்டு முருங்கை மரத்தோடு இழுத்துக் கட்டினார். திறந்த கதவால் முதல் நாள் நாய் போய்ப் பொரித்த மீனைத் தூக்கிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் கன்றுக்குட்டி பழஞ்சோற்றுப் பானைக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல், பானையோடு வளவைச் சுற்றி ஓடியது. ஆகவே காவல் தேவைப்பட்டது. சிற்றம்பலத்தார் தம் சாய்மனைக் கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து முருங்கைக்குக் கீழே, வாழைப்புட்டிக்கு நேர் எதிரே போட்டு, கையில் பூவரசந் தடியோடு உட்கார்ந்துவிட்டார்.

இரஞ்சிதம் மாட்டுக்கொட்டிலுக்கு இடம்பெயர்ந்தாள். பசுவுக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று போவாள், கூழ் வைக்கிறேன் என்று போவாள், சும்மாவும் போவாள். பசு இவள் குனிந்து நின்று படுகிற பாட்டை அசைபோட்டபடி பார்த்துக்கொண்டு நிற்கும். உருத்திரபுரத்தில் உண்மை தெரிந்த இன்னொரு சீவன் அது ஒன்றுதான், நல்லவேளை அதற்குக் கதைக்கத் தெரியாது.

குளவியை வெறுக்கத்தான் அவள் நினைத்தாள். முடியவில்லை. அது வேலை செய்கிற அழகைப் பார்த்தவர்களால் வெறுக்க முடியாது. வாய்க்காலுக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவரும். கிணற்றடிக்கு அங்கால் காய்ந்த மண்ணில் அந்தத் தண்ணீரை உமிழ்ந்து, மிளகளவுக்கு ஒரு உருண்டை உருட்டி, தாடைக்குள் பிடித்துக்கொண்டு பறந்துவரும். அதை விளிம்பில் வைத்து அழுத்தி அழுத்தி மெல்லிய வளையமாய் இழுக்கும். இழுக்கிறபோது ஒரு ரீங்காரம், வேலைக்காகப் பாடுகிற மாதிரி. மத்தியானத்துக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு குடம் எழும்பிவிட்டது. கழுத்தும் உண்டு, கழுத்துக்கு மேலே விரிந்த வாயும் உண்டு. சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற குடத்துக்கும் இத்தனை நேர்த்தி வராது என்று இரஞ்சிதம் உலை பொங்கி அடுப்பு அவிவதையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடம் காய்ந்ததும் குளவி திரும்பி நின்று, தன் பின்பக்கத்தைக் குடத்து வாய்க்குள் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தது. அது முட்டை வைக்கிறது என்று இரஞ்சிதத்துக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சிற்றம்பலத்தார் அது மந்திரம் ஓதுகிறது என்றார். பிறகு புழுவொன்றைப் பிடித்துவந்து உள்ளே அடைக்கும், என்னைப்போல ஆகு, என்னைப்போல ஆகு என்று கொட்டிக் கொட்டிப் பாடும், புழு குளவியாய் மாறி வெளியே வரும் என்று முருங்கைக்கும் வாழைக்கும் கேட்கத் தத்துவம் சொன்னார். குரு சீடனைப் பார்வையால் மாற்றுவதும் இப்படித்தானாம்.

அடுத்த நாள் கத்தரிப் பாத்தியில் காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்தச் சீடன் பிடிபட்டதை இரஞ்சிதம் கண்ணால் கண்டாள். குளவி இலைக்கு இலை நடந்து, கொம்புகளால் தட்டித் தட்டி, சுருட்டியிருந்த ஓர் இலைக்குள் தலையை நுழைத்தது. பச்சைப் புழு ஒன்று மறுபக்கத்தால் விழுந்து நெளிந்தது. குளவி அதன்மேல் பாய்ந்து, வாலை மடக்கி, வயிற்றுப் பக்கமாய் ஒரு குத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு குத்து. புழு துவண்டுபோனது. சாகவில்லை, கூர்ந்து பார்த்தால் வாய் அசைந்தது. குளவியைவிட அது நீளம். இதை எப்படித் தூக்கப்போகிறாய் பெண்ணே என்று இரஞ்சிதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். குளவி புழுவைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கத்தரித் தண்டில் ஏறியது. உச்சியிலிருந்து பாய்ந்தது. விழுந்தது. திரும்பவும் ஏறியது. திரும்பவும் விழுந்தது. அடுத்த முறை, ஒரு முழம் கீழே இறங்கி, நிலத்தைத் தொடப்போகிற அந்தரத்தில் சிறகு பிடித்து எழும்பிக் குசினிப் பக்கம் போயிற்று. இரஞ்சிதம் தன்னை மறந்து கை தட்டினாள். தட்டிய கையோடு கத்தரிப் பாத்தியிலேயே வாந்தி எடுத்தாள்.

சிற்றம்பலத்தார் கதிரையில் நிமிர்ந்து என்னவென்று கேட்டார். புழுவைக் கண்டு அருவருத்துப்போயிற்று என்று சொல்லிச் சமாளித்தாள். இத்தனை காலம் கமக்காரன் பெண்சாதியாய் இருந்தவளுக்குப் புழு அருவருக்குதோ என்று அவர் சிரித்துவிட்டுத் திரும்பவும் சாய்ந்துகொண்டார். அவருடைய கண் கூட்டைவிட்டு அகலவில்லை, அதனால்தான் அவள் தப்பினாள். ஒரு மனிதர் பிள்ளை வரப்போகிறதென்று இப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை அவருக்குப் பின்னாலேயே தாயை வாந்தியெடுக்க வைத்துக்கொண்டு போய்வருகிறது. அதை நினைத்ததும் இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்து, கொட்டிலுக்கு ஓடிப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

குடத்துக்குள் புழுக்களை ஒவ்வொன்றாய்த் திணித்து, வாயை மண்ணால் அடைத்து, குளவி வேலையை முடித்தது. உருண்டை. பெண் குழந்தை. சிற்றம்பலத்தார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கக்கடை வாசலுக்குப் போய் அறிவித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் குளவி முதல் குடத்தை ஒட்டி இன்னொன்று கட்டிக்கொண்டிருந்தது. இப்போது தூரத்திலிருந்து பார்க்க நீளமாய்த் தெரிந்தது. ஆண் குழந்தை. திரும்பவும் சைக்கிள். மூன்றாவது குடம் எழும்பியபோது அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். இரண்டு பெண்ணும் ஓர் ஆணுமா? மூன்றும் ஆணா? இதற்கொரு கணக்கு யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்லிவிடவில்லையே. சங்கக்கடையில் அவர் வருவதைக் கண்டதும் சனம் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு, இப்போது எத்தனை என்று கேட்கத் தொடங்கியது.

பாவம் யோகநாதன். சீனி நிறுக்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்குவார், மண்ணெண்ணெய் அளக்கும்போது இன்னொருவர் முதுகில் தட்டுவார். இல்லையென்று சொல்லவும் அவனுக்குத் தைரியம் இல்லை, மாமனார் சொல்கிறாரே, ஒருவேளை இருக்குமோ? ஒரு நாள் அதைத் தயங்கித் தயங்கி விமலேஸ்வரியிடமே கேட்டுவிட்டான். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கே தெரியாமல் எனக்குப் பிள்ளையோ?" என்று கேட்டாள். அகப்பையை வைத்தாளே, அதுவே பெரிய காரியம். தகப்பனிடமும் படித்துப் படித்துச் சொன்னாள், தனக்கு ஒன்றும் இல்லை என்று. வெட்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் தலையை ஆட்டினார். அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. புளிப்பானையில் புளி குறைந்துகொண்டே வந்தது. மாமரத்தில் கைக்கெட்டிய பிஞ்செல்லாம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆர் தின்கிறார்கள் என்று தமக்குத் தெரியும் என்று கண்ணைச் சிமிட்டினார். தின்றவள் அவருக்குப் பக்கத்தில் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொல்லை தாங்காமல் விமலேஸ்வரி அழுத அன்று, இரஞ்சிதம் இனி ஒளிக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். தன் வெட்கத்தை மகளின் தலையில் கட்டுவது எந்த நியாயம்? மாலையில் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். குளவி கடைசி வெளிச்சத்தில் ஒரு புழுவைக் குடத்துக்குள் திணிக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது. தலை உள்ளே போனால் வால் வெளியே நின்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். அவருக்கும் பார்க்கத் தெரியும், அதைக் குறை சொல்ல முடியாது. இப்படி அக்கம்பக்கமாய் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒன்றைப் பார்த்து எத்தனை காலம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இஞ்சேருங்கோ," என்றாள், "உந்தக் குளவி விமலாவுக்கெண்டுதான் வந்ததெண்டு என்ன நிச்சயம்?"

"இந்த வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்? உனக்கே?"

கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கதிரை கிறீச்சிட்டது, தேத்தண்ணி தளும்பி வேட்டியில் கொட்டியது, கண்ணால் தண்ணீர் ஓடியது. இரஞ்சிதமும் கூடச் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் அந்தச் சிரிப்பு வயிற்றிலிருந்து வரவில்லை. அவளுக்கு நொந்தது. ஊர் சிரித்தால் தாங்கலாம் என்று எண்ணிக்கொண்டு வந்தவள், இவரே சிரித்துவிட்டாரே என்று வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, மூக்கணாங்கயிறு போட்டு இழுத்தாலும் இனி இந்த மனிசனுக்குச் சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாய் நினைத்துக்கொண்டாள்.

சிற்றம்பலத்தார் அடுத்த நாள் கிளிநொச்சிக்குப் போய் மீசாலைக்குத் தந்தி அடித்தார். "சந்தோசச் செய்தி. உடனே வரவும்." தந்தி என்றால் சாவு என்பது அவருக்குத் தெரியாததா? சந்தோசத்தில் மறந்துபோனார். மீசாலையில் தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டதும் சம்பந்தியம்மா முற்றத்தில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். சனம் கூடி, ஆர் போனது ஆர் போனது என்று கேட்டு, ஆளாளுக்கு ஒவ்வொருவர் பேரைச் சொல்லி அழுது, யாரோ ஒருவர் பிரித்து வாசித்தபோது பாதி ஊர் அழுது முடித்திருந்ததாம்.

காலை ரயிலில் வந்து இறங்கிய சம்பந்தியம்மா இந்தக் கதையைத்தான் வாசற் படலையில் வைத்தே முதலில் சொல்லி முடித்தாள். கையில் பெரிய ஓலைப்பெட்டி. நிறையப் பயத்தம் பணியாரம், மேலே புளிப்பு மாங்காய், ஊறுகாய்ப் போத்தல். சிற்றம்பலத்தார் அவளைக் கதிரையில் இருக்கவும் விடவில்லை. தண்ணீர் குடிக்கவும் விடவில்லை. நேரே கோடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டைக் காட்டினார். குடங்கள் ஒட்டிக்கொண்டு இருந்த விதத்தை விளக்கினார். மந்திரத்தையும் பார்வையையும் விளக்கினார். வீடு முழுவதும் அவர் பின்னால் போய்க் கூடி நின்றது.

சம்பந்தியம்மா கூட்டைப் பார்த்தாள். பிறகு முருங்கையடியில் உட்கார்ந்து மருமகளைப் பக்கத்தில் இருத்தி, ஓலைப்பெட்டியை அவள் மடியில் வைத்து, எத்தனை மாதம் பிள்ளை என்று கேட்டாள்.

விமலேஸ்வரி பெட்டியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். யோகநாதன் கால் பெருவிரலால் நிலத்தைக் கிண்டிக்கொண்டு நின்றான். "மாமி, எனக்கு ஒண்டுமில்லை. நான் இவையளுக்குச் சொல்லிக் களைச்சுப்போனன்," என்றுவிட்டு அவள் விசும்பத் தொடங்கினாள்.

சம்பந்தியம்மா மெதுவாய்த் திரும்பிச் சிற்றம்பலத்தாரைப் பார்த்தாள். அப்போ ஒப்பாரி வைத்தது எதற்கு, ரயில் ஏறியது எதற்கு என்று அந்தப் பார்வை கேட்டது. சிற்றம்பலத்தார் விக்கினார். கொலனி முழுக்கச் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் வரிசையாய் வந்து போயிற்று. மகளைக் கோபிக்க முடியாது, சம்பந்தியைக் கோபிக்க முடியாது. மிச்சம் இருந்தது குளவி. பொய்க்காரக் குளவி என்று கத்திக்கொண்டு, இடுப்பிலிருந்த வில்லுக்கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து, கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தப் போனார்.

குளவி அப்போதுதான் ஒரு புழுவோடு வந்தது. கதவு நகர்வதைக் கண்டு, சுமையை விடாமல், வாசலில் தத்தளித்து வட்டமிட்டது. இரஞ்சிதம் எப்போது பாய்ந்தாள், எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே தன் கையை நீட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும்.

"மூடாதேங்கோ," என்றாள். "அது பொய் சொல்லேல்லை. சரியான வீட்டுக்குத்தான் வந்தது. ஆளைத்தான் நீங்கள் பிழையாய்ப் பிடிச்சனீங்கள்."

முதலில் விளங்கியது சம்பந்தியம்மாவுக்குத்தான். அவளுடைய கண் இரஞ்சிதத்தின் முகத்தில் தொடங்கி இறங்கி, சேலைக் கொய்யக மடிப்பில் வந்து நின்றது. அடுத்து விமலேஸ்வரியின் விசும்பல் பாதியில் நின்றது. யோகநாதன் நல்ல பிள்ளையாய் வாழைப்புட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

கடைசியாய்த்தான் சிற்றம்பலத்தார். "உனக்கே?" என்றார். முன்பு கேட்ட அதே கேள்விதான். இந்த முறை சிரிப்பு வரவில்லை. குரல்கூட ஒழுங்காய் வரவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

குளவி இரண்டு பேருக்கும் நடுவால் புகுந்து குடத்தில் இறங்கிப் புழுவைத் தள்ளத் தொடங்கியது. காற்றுக்குக் கதவு அசைந்தது. கட்டியிருந்த கயிற்றைத்தான் அறுத்துப்போட்டாரே, அவர் கதவில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையாலும் அது சாத்துப்படாமல் பிடித்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தபடியே நின்றார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவருக்கு ஒரு கையும் மிச்சம் இல்லை. மறைக்காததில் இரஞ்சிதத்துக்குச் சந்தோசம்தான்.

இனிச் சம்பந்தியம்மாவின் வாய். இரஞ்சிதம் அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மா வாயைத் திறந்தாள், திறந்து சிரித்தாள். வேலிக்கு அப்பால் கேட்கத்தான் சிரித்தாள், ஆனால் அது நக்கல் சிரிப்பில்லை. தன் மூத்த மகளும் தானும் ஒரே அறையில் ஒரே கிழமையில் கிடந்து பெற்றதை அவள் சொன்னாள். மருத்துவிச்சி யாரிடம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்று அழுததையும் சொன்னாள். கலியாணத்தன்று பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் கொஞ்சிய இரண்டில் ஒன்று தன் வயிற்றில் பிறந்த பிள்ளை என்றும், யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை என்றும் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எழும்பி, மருமகளின் மடியிலிருந்த ஓலைப்பெட்டியைத் தூக்கினாள். விமலேஸ்வரி தானும் சேர்ந்து தூக்கிக் கொடுத்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாதபடி முகம் முழுக்க ஈரம்.

"பிடியுங்கோ மச்சாள்," என்று சம்பந்தியம்மா பெட்டியை இரஞ்சிதத்தின் கையில் வைத்தாள். "பிள்ளைத்தாச்சிக்கெண்டு கொண்டந்தது."

இரஞ்சிதம் முதலில் ஒரு மாங்காயை எடுத்துக் கடித்தாள். நல்ல புளிப்பு. பிறகு ஒரு பணியாரம், அதற்குப் பிறகு திரும்பவும் மாங்காய். கொட்டிலுக்குப் போகாமல், சேலைத் தலைப்பால் மறைக்காமல், எல்லோரும் பார்க்கப் பார்க்கக் கோடிப்பக்கத்தின் நட்டநடுவில் நின்று தின்றாள்.